"மொத ஆப்பரேசன் எதுக்கு பண்ணாங்க?"ன்னு கேட்டா பதில் இருக்குதுங்களா?

ரெண்டாவதுவாட்டி மாசமா இருக்கறப்ப மொத செக்கப்புக்கு போயிருந்தேன். டாக்டரம்மா ஃபைல தொறந்துட்டு சாதாரணமாத்தான் கேட்டாங்க, "மொத கொழந்தைக்கு சிசேரியன்னு இருக்கே, எதுக்கு பண்ணாங்க?"

எனக்கு வாயே வரல. கூட வந்த மூணு பேரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எங்கூட்டுக்காரரு "தண்ணி கம்மியாயிருச்சுன்னாங்க மேடம்"ங்கறாரு, என்ற அம்மா "இல்லீங்க, கொடி சுத்தியிருந்துது"ங்குது, மாமியா "பொழுதோட ஆயில்யம் பொறந்துருதுன்னு அதுக்கு முன்னாடியே..."ன்னு இழுக்கறாங்க. வயித்த அறுத்தது எனக்கு, தையல் எனக்கு, ரெண்டரை வருசம் ஆச்சு, எதுக்குன்னு மட்டும் எனக்குத் தெரியல. டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல, பேனாவ மூடி வெச்சுட்டு "அந்த டிஸ்சார்ஜ் பேப்பர கொண்டாங்க, அப்பறம் பேசலாம்"னுட்டாங்க.

இன்னைக்கு எழுத வந்தது இதப்பத்தித்தாங்க. நார்மல் நல்லதா சிசேரியன் நல்லதான்னு பட்டிமன்றம் போடறதுக்கு வரல. இன்ஃபார்ம்டு சாய்ஸ்னு சொல்றாங்கல்ல, வெவரந்தெரிஞ்சு முடிவெடுக்கறது, அது பிரசவத்துல எப்பிடி இருக்கும்னு மொதவாட்டி முழுகாம இருக்கற புள்ளைங்களுக்கு புரியற மாதிரி சொல்லிப்பாக்கறேன். நான் டாக்டர் இல்லீங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்கு பாக்கறவ, ரெண்டு பெத்தவ, மொதவாட்டி ஒண்ணும் தெரியாம போயி ரெண்டாவதுக்கு உக்காந்து படிச்சவ, அவ்ளோதான்.

நம்மூர்ல ஒரு ஏக்கர் வாங்கறதுன்னா என்னென்ன பண்றோம்னு யோசிச்சுப்பாருங்க. முப்பது வருசத்துக்கு ஈசி போட்டு வில்லங்கம் பாக்கறோம், வழித்தடம் இருக்குதான்னு பாக்கறோம், போர் போடறதுக்கு முன்ன தேங்காய கையில வெச்சு நீரோட்டம் பாக்கறவர ஒண்ணுக்கு ரெண்டு பேரா கூட்டியாந்து நடக்க விடறோம். பிரசவத்துக்கு மட்டும் ரெண்டே கேள்விதான், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆகும். மிச்சமெல்லாம் "டாக்டர் பாத்துக்குவாங்க". டாக்டர் பாத்துக்குவாங்கதான், அதுல சந்தேகமில்ல, ஆனா ஒடம்பு நம்முளுது. என்ன பண்ணப்போறாங்க, பண்ணுனா என்ன நல்லது என்ன கெட்டது, வேற வழி இருக்குதா, இதெல்லாம் நமக்கு புரியற பாஷையில சொல்லி, "வேண்டாம்"னோ "கொஞ்சம் பொறுங்க"ன்னோ சொல்லவும் எடம் விட்டு, அதுக்கப்பறம் நாம சரின்னா அதுதான் சாய்ஸ். வலி உசுர எடுக்கறப்ப ஒரு பேப்பர நீட்டி "இங்க, இங்க, இங்க கையெழுத்து"ன்னா அதுக்கு பேரு வேற.

எதுக்கு இதெல்லாம் தெரியணும்னா, நம்ம ஊர் கணக்கு அப்பிடி. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல பொறக்கற 100 கொழந்தைல 45 சிசேரியன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில 36, தனியார்ல 64. இந்தியா மொத்தத்துக்கும் சேத்துப் பாத்தா 21 தான் வருது. அதுக்கு முந்தின ஆய்வுல, 2015-16ல, தமிழ்நாடு 34ல இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது என்னன்னா, ஒரு நாட்டுல சிசேரியன் 100க்கு 10 வரைக்கும் ஏற ஏற தாய் சாவும் பச்சக்கொழந்த சாவும் கொறையுது, அதுக்கு மேல ஏறுனா அப்பிடி கொறையறதா தெரியல. இது ஜனத்தொகைக்கு சொன்ன கணக்குங்க, உங்களுக்கு பண்ணுனது தேவையில்லாத ஆப்பரேசன்னு இதவெச்சு யாரும் சொல்ல முடியாது, சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒரே ஊரு, ஒரே மாதிரி பொம்பளைங்க, கட்டடம் மாறுனா 36 எப்பிடி 64 ஆகுதுங்கற கேள்வி இருக்குதுல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு போறது தப்பில்ல.

இப்ப நார்மல்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். இதுக்கு எங்க கட்டுத்தரைய விட நல்ல பாடம் எனக்கு கெடைக்கல. மாடு கண்ணு போடற அன்னிக்கு எங்கப்பாரு மொதல்ல பண்றது லைட்ட அமத்தறதுதான். நாய தாட்டி விட்டுருவாரு, எங்கள மாதிரி பொடுசுகள "போயி தூங்குங்க"ன்னு தொரத்திருவாரு, "யாரும் எட்டிப்பாக்காதீங்க, பயந்துச்சுன்னா உள்ள இழுத்துக்கும்"பாரு. அவரு படிக்காதவரு, ஆனா சொன்னது சரிதானுங்க. ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் இருக்குது, கர்ப்பப்பைய சுருங்க வெச்சு வலிய கொண்டாறது அதுதான், அது அமைதியா பயமில்லாம இருக்கறப்ப நல்லா சொரக்கும், பயந்தா அட்ரினலின் வந்து அத அமுக்கிப்போடும். லேபர் வார்டுல ட்யூப்லைட்டு, பக்கத்து பெட்டுக்காரி கத்தறது, "சத்தம் போடாத"ன்னு ஒரு அதட்டல், இதுக்கு நடுவுல வலி நின்னு நின்னு வருதுன்னா அது உங்க ஒடம்போட குத்தமில்லீங்க.

அதே அப்பாரு, ரொம்ப நேரமா முக்கியும் கால் மட்டும் தெரிஞ்சு கண்ணு வெளிய வரலீன்னா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் வண்டி எடுத்துட்டு போயி மாட்டாஸ்பத்திரி டாக்டர கூட்டியாந்துருவாரு. "எயற்கையா வரட்டும்"னு வேடிக்கை பாத்துட்டு உக்கார மாட்டாரு. ரெண்டும் சேந்ததுதான் வெவரம்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

வலிக்கு வருவோம். ஒம்பதாவது மாசத்துல வந்து வந்து போறது சூட்டு வலி, நடந்தா படுத்தா தண்ணி குடிச்சா கொறஞ்சுரும். நெசமான வலி நேரம் ஆக ஆக கிட்டக்கிட்ட வரும், கொறையாது. கர்ப்பப்பை வாய் 10 செண்டிமீட்டர் தொறக்கணும். நர்ஸம்மா "ரெண்டு விரல்"னு சொன்னா தோராயமா 3 செண்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. இதுல நெறயப்பேருக்கு தெரியாத சங்கதி, 5 செண்டிமீட்டர் வரைக்கும் ஆரம்பக்கட்டம்தான், அது இவ்ளோ மணி நேரத்துல முடியணும்னு ஒரு கணக்கே கெடையாது, ஒருத்திக்கு மூணு மணி நேரம், இன்னொருத்திக்கு ஒண்ணரை நாளு. 5ல இருந்துதான் சூடு பிடிக்கும், மொத பிரசவம்னா அதுல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் கூட போலாம். மணிக்கு 1 செண்டிமீட்டர் தொறந்தே ஆகணும்னு முன்னாடி ஒரு அளவு வெச்சிருந்தாங்க, தாயும் கொழந்தையும் நல்லா இருக்கறப்ப அத மட்டும் காரணமா வெச்சு ஊசி, ஆப்பரேசன்னு போக வேண்டியதில்லைன்னு 2018ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. அதனால சூட்டு வலிக்கே பையத் தூக்கிட்டு ஓடிப்போய் அட்மிட் ஆகாதீங்க, அட்மிட் ஆனா கடிகாரம் ஓட ஆரம்பிச்சுரும். ஆனா பனிக்குடம் ஒடஞ்சாலும், ரத்தம் பட்டாலும், கொழந்த அசைவு கொறஞ்சாலும், தலைவலியோட கண்ணு மங்குனாலும் ஒரு நிமிசம் வீட்ல நிக்கக்கூடாது.

அதே 2018 வழிகாட்டுதல்ல இன்னுஞ்செலது இருக்குது, நம்மூர்ல கேட்டா சிரிப்பாங்க. வலி வந்தவ நடக்கலாம், உக்காரலாம், குந்தலாம், மல்லாக்கப் படுத்தே ஆகணும்னு இல்ல. சிக்கலில்லாத பிரசவம்னா தண்ணி, கஞ்சி குடிக்கலாம். எல்லாத்துக்கும் எனிமா குடுக்கறது, ஷேவ் பண்றது தேவையில்ல. எல்லாத்துக்கும் கீழ வெட்டி தையல் போடறது, வயித்து மேல ஏறி அமுக்கறது, ரெண்டும் கூடாது. அவளுக்கு புடிச்ச ஒருத்தரு கடைசி வரைக்கும் கூட இருக்கணும். இந்த கடைசி ஒண்ணு சின்ன விசயம் மாதிரி தெரியும், ஆனா கூட ஆள் இருக்கற பொம்பளைக்கு வலி நேரம் கொறையுது, சிசேரியனும் கொறையுதுன்னு பல நாட்டுல பாத்திருக்காங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு பொம்பளய கூட இருக்க விடற ஏற்பாடு இருக்குது, கேட்டு வாங்கிக்கோங்க. யார கூட்டிட்டுப் போறதுங்கறதையும் நீங்களே முடிவு பண்ணுங்க, ஒறம்பரைல யாரு சத்தமா பேசுவாங்களோ அவங்க முன்னாடி வந்து நிப்பாங்க, வேண்டாம். எனக்கு ரெண்டாவதுக்கு என்ற நங்கையா, அண்ணிதாங்க, வந்துது, பேசவே பேசாது, முதுக மட்டும் தேச்சுட்டே இருந்துச்சு, அது போதும்.

அப்பறம் ஆப்பரேசன் தேதிக்கு முன்ன காதுல விழற வாக்கியம் நாலஞ்சு இருக்குது. நீங்களும் கேட்டிருப்பீங்க.

"கொடி சுத்தியிருக்கு". நாலஞ்சு கொழந்தைல ஒண்ணு கழுத்துல கொடி சுத்திட்டுத்தான் பொறக்குது, பெரும்பாலும் தலை வந்ததும் விரல விட்டு எடுத்து விட்டுருவாங்க. அத மட்டும் சொல்லி ஆப்பரேசன்னா, ஹார்ட் பீட்டு எப்பிடி இருக்குதுங்கன்னு அடுத்த கேள்விய கேளுங்க.

"தண்ணி கம்மி". ஸ்கேன் ரிப்போர்ட்ல ஏ.எஃப்.ஐ.னு ஒரு நம்பர் இருக்கும், கொழந்தைய சுத்தியிருக்கற தண்ணியோட அளவு அது, 5ல இருந்து 25 வரைக்கும் சாதாரணம்பாங்க. 8 இருக்கறதும் 3 இருக்கறதும் ஒண்ணு இல்ல. எவ்வளவுன்னு கேளுங்க.

"டேட் தாண்டிருச்சு". டேட்டுன்னு குடுக்கறது ஒரு உத்தேசம், 100 கொழந்தைல நாலஞ்சுதான் கரெக்ட்டா அன்னிக்கு பொறக்குது. 37 வாரம் முடிஞ்சா பொறக்கலாம், 41 வாரம் தாண்டிருச்சுன்னா வலி வர வெக்கறது நல்லதுங்கறாங்க, ஏன்னா அதுக்கு மேல உள்ள இருக்கறதுல கொழந்தைக்கு ஆபத்து கூடுது. 40 வாரம் 1 நாளும் 41 வாரம் 5 நாளும் ஒண்ணு இல்லைங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

"உள்ளயே மோஷன் போயிருச்சு", இதக் கேட்டா எல்லாரும் அழ ஆரம்பிச்சுருவாங்க. லேசா பச்சையா இருந்து ஹார்ட் பீட்டு நல்லா இருந்தா கவனமா பாத்துட்டே நார்மலுக்கு விடறதும் உண்டு, கெட்டியா இருந்து பீட்டும் எறங்குதுன்னா அப்ப நேரம் கடத்தக்கூடாது.

மறுபேச்சு பேசாம ஆப்பரேசன்னு போக வேண்டியதும் இருக்குதுங்க. நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழ எறங்கி கர்ப்பப்பை வாய மூடிட்டு இருந்தா, கொழந்த குறுக்க கெடந்தா, தொப்புள்கொடி முன்னாடி வெளிய வந்துட்டா, பீட்டு எறங்கி ஏறலீன்னா. அந்த நேரத்துல கேள்வி கேட்டுட்டு நிக்காதீங்க. அதுக்குத்தான் மிச்ச கேள்வியெல்லாம் ஏழாம் மாசத்துலயே கேட்டு முடிச்சுருங்கங்கறேன்.

நேரம் பாக்கறது பத்தி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் ஜோசியர்கிட்ட போயி மூணு தேதி எழுதி வாங்கியாந்து டாக்டர்கிட்ட நீட்டறது சர்வ சாதாரணமாயிருச்சு, மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு. எப்பிடியும் ஆப்பரேசன்தான்னு முடிவாயிருச்சு, 39 வாரமும் முடிஞ்சுருச்சுன்னா காலைல பத்துக்கு பண்ணுனா என்ன பதினொண்ணுக்கு பண்ணுனா என்ன, பாத்துக்கோங்க, நானே ஒண்ணும் சொல்லல. ஆனா நல்ல நாளுக்குன்னு 37 வாரத்துலயே எடுக்கறது வேற. நொரையீரல் கடைசி வாரங்கள்லதான் தயாராகுது, வலியே வராம சீக்கிரம் வெளிய எடுத்த கொழந்தைக்கு மூச்சுத்திணறி கண்ணாடிப்பெட்டிக்கு போற வாய்ப்பு கூடுது. நல்ல நட்சத்திரத்துல பொறந்து நாலு நாளு ஐசியூல கெடக்கறதுல என்னங்க ராசி.

சரி, கேக்கறதுன்னா எப்பிடி கேக்கறது, டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்களான்னு எல்லாப்புள்ளையும் கேக்குது. நாலே கேள்விதான், ஊசியோ ஜெல்லோ ட்ரிப்ஸோ ஆப்பரேசனோ எதுக்குன்னாலும் இதே நாலுதான். இது எதுக்குங்க? இதுல என்ன சிரமம் வரலாம்? வேற ஏதாச்சும் பண்ணிப் பாக்கலாங்களா? இன்னொரு ஒரு மணி நேரம் பொறுத்தா என்ன ஆகும்? இதுல கடைசி கேள்விதான் தங்கம். "பொறுத்தா கொழந்தைக்கு ஆபத்தும்மா"ன்னு பதில் வந்தா அடுத்த செகண்டு சரின்னு சொல்லீரலாம், "ஒண்ணும் ஆகாது, பாக்கலாம்"னு வந்தா ஒரு மணி நேரம் கெடைச்சுது. மரியாதையா "மேடம், புரிஞ்சுக்கறதுக்காக கேக்கறேனுங்க"ன்னு ஆரம்பிச்சா கோவிச்சுக்கறவங்க கம்மி. கேட்டதுக்கே எரிஞ்சு விழறாங்கன்னா அத அஞ்சாம் மாசத்துலயே தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதானுங்க.

கையெழுத்து யாரு போடறதுன்னு ஒரு சமாச்சாரம் இருக்குது. நம்மூட்டுல புருசன், மாமனாரு, அப்பன்னு யாராச்சும் போடுவாங்க, பொண்ண யாரும் கேக்கறதில்ல. 2008ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவா சொல்லிருச்சு. ஒரு பொண்ணு உள்ள என்னன்னு பாக்கற சோதனைக்குத்தான் சம்மதம் குடுத்துது, மயக்கத்துல இருக்கறப்ப வெளிய இருந்த அம்மாகிட்ட கேட்டுட்டு கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. வயசு வந்த, சுயபுத்தி இருக்கற பொண்ணுக்கு அவ சம்மதம்தான் வேணும், உசுருக்கு ஆபத்துங்கற அவசரம் இல்லாதப்ப அம்மா குடுத்த சம்மதம் செல்லாது, ஒண்ணுக்கு குடுத்த சம்மதம் இன்னொண்ணுக்கு ஆகாதுன்னு தீர்ப்பு. இத எதுக்கு சொல்றேன்னா, பிரசவத்தோட பிரசவமா அடுத்த கொழந்தைய தள்ளிப்போட காப்பர்-டி வைக்கறது, குடும்பக்கட்டுப்பாடு பண்றது இதெல்லாமும் இதுல அடக்கம். காப்பர்-டி நல்லதுதான், நானே ரெண்டாவதுக்கு வெச்சுக்கிட்டேன், ஆனா வெச்சது தெரியாமயே வீட்டுக்கு வந்து ஆறு மாசங்கழிச்சு ஸ்கேன்ல பாத்து தெரிஞ்சுக்கிட்ட புள்ள எங்க கம்பெனிலயே இருக்குது. வேணும் வேண்டாங்கறத முன்னாடியே வாய்விட்டு சொல்லிருங்க.

இவ்ளோ பேசுனதும் செலபேரு "அப்ப ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்லயே பெத்துக்கலாம், நம்ம ஆத்தாகாலத்துல எல்லாம்..."னு கெளம்புவாங்க. நம்ம திருப்பூர்லயே 2018 ஜூலைல யூட்யூப் வீடியோ பாத்து வீட்ல பிரசவம் பாக்கப்போயி ஒரு பொண்ணு ரத்தப்போக்குல செத்துப்போச்சு, கொழந்த பொழச்சுது. படிச்ச பொண்ணு, டீச்சரு. அப்ப அதப்பத்தி பேசுனவங்கள்ல பாதிப்பேரு அவங்கள திட்டுனாங்க, எனக்கு திட்டத்தோணல, ஆஸ்பத்திரில நாம பேசறத யாரும் காதுல வாங்கறதில்லைங்கற பயம்தான் ஆளுங்கள அந்தப்பக்கம் தள்ளுது. ஆனா உள்ள இருக்கற கணக்கு தெரிஞ்சா யாரும் அத பண்ண மாட்டாங்க. நெறமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிசத்துக்கு அரை லிட்டர் போல ரத்தம் ஓடுது. நஞ்சு பிரிஞ்சதும் கர்ப்பப்பை இறுக்கி சுருங்குனாத்தான் அந்த கொழாயெல்லாம் மூடும், சுருங்கலீன்னா தொறந்த பைப்பு மாதிரிதான். யாருக்கு அப்பிடி ஆகும்னு முன்னாடி சொல்லவே முடியாது, எல்லா டெஸ்ட்டும் நல்லா இருந்தவளுக்கும் ஆகுது. ஆஸ்பத்திரில கொழந்த பொறந்த ஒடனே 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி ஒண்ணு போட்டு அத தடுக்கறாங்க, இந்த ஊசிய மட்டும் யாரும் வேண்டாங்காதீங்க. ஆத்தாகாலத்துல பெத்தவங்க கதைய பொழச்சவங்கதான நமக்கு சொன்னாங்க. எங்காத்தாவுக்கு ஒம்பது பொறந்து அஞ்சு தங்குச்சு, அதோட தங்கச்சி மொத பிரசவத்துலயே போயிருச்சு.

என் கதைக்கு வர்றேன். மொத ஆஸ்பத்திரிக்கு போயி எழுதிக்குடுத்து ஃபைலு நகல் வாங்கினேன், ரெண்டு நாள் அலையவெச்சாங்க, குடுத்துட்டாங்க. அதுல தண்ணி கம்மின்னும் இல்ல, கொடியும் இல்ல. ஒம்பது மணி நேரம் ட்ரிப்ஸ் போட்டும் 3 செண்டிமீட்டருக்கு மேல தொறக்கல, அதான் காரணம்னு எழுதியிருந்துது. வீட்ல மூணு பேரு சொன்னதும் பக்கத்து பெட்டுக்காரங்க கதையா இருக்கோணும். 5ஏ ஆகலியே அப்பறம் எதுக்குன்னு படிச்சதும் கோவம் வந்துச்சு, பொறகு யோசிச்சா அன்னிக்கு பீட்டு எப்பிடி இருந்துதுன்னு எனக்கென்ன தெரியும். யாராச்சும் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும், நானாச்சும் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

அதே ஃபைல்ல இன்னொரு முக்கியமான வரி, கர்ப்பப்பைல அடிப்பக்கம் குறுக்கு வாட்டுல வெட்டுனதுன்னு. வெளித்தோல்ல தெரியற தழும்பு இல்லீங்க, உள்ள போட்ட வெட்டு. அந்த மாதிரி வெட்டு ஒண்ணே ஒண்ணு இருந்து, மத்ததெல்லாம் நல்லா இருந்தா அடுத்ததுக்கு நார்மல் முயற்சி பண்ணலாம், பண்றவங்கள்ல 100க்கு 60ல இருந்து 80 பேருக்கு ஆகுது. பழைய தையல் பிரியற ஆபத்து 200ல ஒருத்தருக்குங்கற அளவு. சின்ன நம்பர்தான், ஆனா பிரிஞ்சுதுன்னா நிமிசக்கணக்குல ஆப்பரேசன் பண்ணோணும், அதனால தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் எந்நேரமும் ரெடியா இருக்கற எடத்துலதான் முயற்சியே பண்ணலாம். டாக்டரம்மா இத ரெண்டு பக்கமும் சொன்னாங்க, "முடிவு உன்றதும்மா"ன்னாங்க. நான் முயற்சி பண்றேன்னேன். வலி தானா வந்துது, 7 செண்டிமீட்டர் வரைக்கும் போனேன், அப்ப கொழந்த பீட்டு எறங்க ஆரம்பிச்சுது. டாக்டரம்மா வந்து மெஷின்ல கோட்ட காட்டி ரெண்டே நிமிசம் பேசுனாங்க. நாலாவது கேள்விய கேட்டேன், "பொறுக்கறது நல்லதில்ல"ன்னாங்க, "சரிங்க, எடுத்துருங்க"ன்னு நானே சொல்லி நானே கையெழுத்து போட்டேன். ரெண்டும் சிசேரியன்தான். மொதத்துக்கு வருசக்கணக்கா மனசுக்குள்ள ஒரு முள்ளு, ரெண்டாவதுக்கு அப்பிடி ஒண்ணுமே இல்ல.

இனி கொழந்த பொறந்ததுக்கப்பறம். இதுலயும் நெறய முடிவு இருக்குது, அதுல முக்காவாசி மொத ஒரு மணி நேரத்துல. நல்லா அழுகற கொழந்தைனா கொடிய ஒடனே வெட்டாம 1 நிமிசத்துல இருந்து 3 நிமிசம் பொறுத்து வெட்டுனா நஞ்சுல இருக்கற ரத்தம் கொழந்தைக்கு போயி சேரும், ரத்தசோகை வர்ற வாய்ப்பு கொறையும். தொடச்சு தாயோட நெஞ்சு மேல வெறும்மேலோட போட்டு மேல ஒரு துணி, குளிப்பாட்டறது அடுத்த நாளுக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள பாலு. சிசேரியன்னாலும் முடியும், கூட ஒருத்தர் புடிச்சுக்கிட்டா போதும். வைட்டமின் கே ஊசி, மஞ்சக்காமால பி தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள்ள, பிசிஜி, போலியோ சொட்டு, இதெல்லாம் போட்டுருங்க, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

சீம்பால் விசயத்துலதான் எனக்கு பொறுக்கமாட்டாம வரும். மாடு கண்ணு போட்டா அந்த சீம்பால வெல்லம் ஏலக்காய் போட்டு வேகவெச்சு, அக்கம்பக்கத்து ஊட்டுக்கெல்லாம் கிண்ணத்துல குடுத்து, சண்டை போட்டு சாப்படற ஊரு நம்முளுது. நம்ம கொழந்தைக்கு மட்டும் அது "கெட்ட பாலு, பீச்சி விட்டுரு"ம்பாங்க, அதுக்கு பதிலா சக்கரத்தண்ணி தொட்டு வெப்பாங்க. மஞ்சளா கெட்டியா ஒரு ஸ்பூன் வர்றதுதான் மொத தடுப்பூசி மாதிரி, மொத நாளு கொழந்தையோட வயித்துக்கு ஒரு தடவைக்கு அந்த ஒரு ஸ்பூனே போதும். மூணாம் நாலாம் நாளுதான் பாலு எறங்கும், அது வரைக்கும் "பாலே இல்ல, பவுடர் வாங்கியா"ன்னு ஒறம்பரை கூட்டம் ஒண்ணு கட்டிலச் சுத்தி உக்காந்திருக்கும். பாலு பத்துதான்னு தெரிஞ்சுக்க அழுகைய வெச்சு பாக்காதீங்க, ஒண்ணுக்கு போறத எண்ணுங்க, அஞ்சாறு நாளுக்கப்பறம் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல போனா பத்துது. மொத வாரம் எடை கொஞ்சம் எறங்கும், 100க்கு 10 வரைக்கும், ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வந்தரோணும். மஞ்ச ரெண்டாம் மூணாம் நாளு லேசா தெரிஞ்சா பெரும்பாலும் சாதாரணம், பொறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே தெரிஞ்சா, இல்ல உள்ளங்கை பாதம் வரைக்கும் மஞ்சளாச்சுன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, வெயில்ல காட்டிட்டு உக்காராதீங்க.

ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். தண்ணி வேண்டாம், கொங்கு நாட்டு சித்திரை வெயில்லயும் வேண்டாம், பால்லயே தண்ணிதான் அதிகம். கழுதப்பால் வேண்டாம், கழுதைய ஓட்டிட்டு தெருவுக்கு வர்றவரு சங்குல கறந்து தருவாரு, பச்சப்பாலு, கிருமி. வெளக்கெண்ண, வசம்பு, உரமருந்து, க்ரைப் வாட்டர், ஒண்ணும் வேண்டாம். இத வீட்ல சொல்றதுதான் பிரசவத்த விட கஷ்டம். எங்க மாமியா மூணு பெத்து வளத்தவங்க, அவங்ககிட்ட போயி "நீங்க பண்ணுனது தப்பு"ன்னா எந்த மனுசிதான் ஏத்துக்குவா. நான் என்ன பண்ணேன்னா, அவங்க பண்றதுல நல்லத மொதல்ல கேட்டு வாங்கிக்கிட்டேன், எண்ண தேச்சு கால் நீட்டி குளிக்க வெக்கறது, தூரி கட்டறது, பூண்டுக்கொழம்பு, எனக்கு செலவு ரசம், எல்லாம் அவங்க ராஜ்ஜியம். மூக்குல எண்ண விடறது, மூக்க புடிச்சு ஊதறது, சாம்பிராணி பொக, பச்ச ஒடம்புக்காரி தண்ணியே குடிக்கக்கூடாதுங்கறது, இந்த நாலு மட்டும் வேண்டாங்கத்தைன்னு டாக்டரம்மாவையே சொல்ல வெச்சேன். மருமக சொன்னா பேச்சு, டாக்டர் சொன்னா மருந்து.

பெத்தவ மனசப்பத்தி யாரும் சொல்லித்தர்றதில்ல. மூணாம் நாலாம் நாளு காரணமே இல்லாம அழுகை வரும், ரெண்டு வாரத்துல தானா போயிரும். ரெண்டு வாரம் தாண்டியும் கொழந்தைய பாக்கவே புடிக்கலீன்னா, தூக்கமே வரலீன்னா, செத்துப்போலாம்னு தோணுச்சுன்னா அது திமிரும் இல்ல காத்து கருப்பும் இல்ல, மருந்தும் பேச்சும் இருக்கற நோவு. பூசாரிகிட்ட போறதுக்கு முன்ன டாக்டர்கிட்ட போங்க, 14416க்கு எந்நேரம் வேணாலும் கூப்படலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

அந்த டிஸ்சார்ஜ் பேப்பர் விசயம் ஒண்ணு மிச்சம். ஆஸ்பத்திரிக்காரங்க ஃபைல 3 வருசம் வெச்சிருக்கோணும், எழுதிக்கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள நகல் குடுக்கோணும்னு மருத்துவ கவுன்சில் விதி இருக்குது. என்றது ரெண்டரை வருசம், தப்பிச்சேன். நீங்க அவ்ளோ நாள் விடாதீங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கே, காரு வெளிய ஆரன் அடிச்சாலும் பரவால்ல, எதுக்கு ஆப்பரேசன், உள்ள எந்த வாட்டுல வெட்டு, ரத்தம் ஏத்துனாங்களா, என்ன ரத்த வகை, காப்பர்-டி வெச்சாங்களா, அடுத்ததுக்கு எவ்ளோ எடைவெளி விடோணும், இத்தனையும் அதுல இருக்குதான்னு டூட்டி டாக்டர பக்கத்துல வெச்சு படிச்சுருங்க, இல்லீன்னா எழுதி வாங்குங்க. ரெண்டு பக்கமும் ஃபோட்டோ புடிச்சு உங்க நம்பருக்கே வாட்ஸப்ல அனுப்பிக்கோங்க. என்ற ரெண்டு பேப்பரும் பீரோல தோட்டத்துப் பத்திரம், ஈசி எல்லாம் இருக்கற மஞ்சப்பையிலதான் இருக்குது.